நீலப் பாத்திரத்துக்கு உத்தரவாதம்

கமலாக்ஷி டீச்சர் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலத்தைக் கடை மேஜைமேல் வைத்ததுமே முகைதீன் பிச்சை கணக்கு எழுதுவதை நிறுத்தினார். 'ணங்' என்று கேட்க வேண்டிய பொட்டலம் 'கரகர' என்றது.

"பிரிச்சுப் பாருங்க, பிச்சைக்கா."

மலையாளத்தில் 'இக்கா' என்றால் அண்ணன்; பிச்சை இக்கா அங்கே எல்லோருக்கும் பிச்சைக்கா. அவர் பிரித்தார். ஓவனில் வைக்கிற நீலப் பாத்திரம், நடுவில் பிளந்து இரண்டாகக் கிடந்தது.

"உடையாதுன்னு சொன்னீங்க. ஓவன்ல வைக்கலாம்னு சொன்னீங்க. வச்சேன். இதோ."

கடையில் வேறு இரண்டு பெண்கள் சாயாக் கோப்பை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் காதுகள் இந்தப் பக்கம் திரும்புவது பிச்சைக்குக் கண்ணால் பார்க்கிற மாதிரி தெரிந்தது.

கொச்சி மட்டாஞ்சேரியில் அவர் அப்பா காலத்திலிருந்து எவர்சில்வர் விற்ற கடை அது. இந்த வருஷம்தான் எவர்சில்வரை ஒதுக்கிவிட்டு, கடை முழுக்க ஸ்டோன்வேர் பீங்கானை அடுக்கியிருந்தார். மனைவி மெஹருன்னிசா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். "எவர்சில்வர் கீழே விழுந்தா சத்தம்தான் வரும். இது விழுந்தா நாம விழுந்த மாதிரி" என்றாள். கேட்கவில்லை.

"டீச்சர், இது கல் மாதிரி இருந்தாலும் கல் இல்ல. நல்ல சூட்டுல சுட்ட மண்ணு. ஒருவேளை நேரா கேஸ் அடுப்புல..."

"நான் ஸ்கூல்ல கெமிஸ்ட்ரி எடுத்தவ. சூடுன்னா என்னன்னு எனக்கே பாடம் எடுக்கிறீங்களா?" டீச்சர் செல்போனை எடுத்தார். "எங்க மகளிர் குரூப்புல ஒரு வாய்ஸ் போட்டா நல்லது. மத்தவங்களாவது பிழைக்கட்டும்."

அந்த குரூப்பில் இல்லாத வீடு அந்தப் பக்கத்தில் கிடையாது. டீச்சரின் கட்டைவிரல் மைக் படத்தை நோக்கி இறங்குவதைப் பார்த்ததும் பிச்சை மேஜைக்கு மேலாக எட்டிக் கையை நீட்டினார்.

"வேணாம் டீச்சர்! புதுசு ஒண்ணு எடுத்துக்கோங்க. காசே வேணாம்."

சொன்ன உடனே தப்பு புரிந்தது. சாயாக் கோப்பைப் பெண்களில் ஒருத்தி கையில் இருந்ததை மெதுவாக அலமாரித் தட்டில் வைத்தாள். "சும்மா குடுக்கிறாரு. அப்போ எல்லாமே உடையுது போல" என்றாள் மற்றவள்.

"உடையாதும்மா!" பிச்சை குரலை உயர்த்தினார். "புழங்கத் தெரிஞ்சவங்க கையில உடையவே உடையாது. வேணும்னா டீச்சர் வீட்டுக்கு நானே வந்து சமைச்சுக் காட்டுறேன்!"

டீச்சரின் முகம் மலர்ந்தது. "அது நல்ல காரியம், கேட்டீங்களா. இன்னிக்குச் சாயங்காலம் எங்க குரூப் ஆளுங்க வீட்டுக்கு வராங்க. அவங்க முன்னாலேயே காட்டுங்க."

பிச்சைக்கு அதற்கப்புறம் மத்தியானச் சோறு இறங்கவில்லை.

சாயங்காலம் மூன்று பாத்திரங்களை பழைய வேட்டியில் சுற்றி, ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போனார். ஒவ்வொரு குழிக்கும், "பார்த்துப் போங்க சேட்டா" என்று கெஞ்சினார். டீச்சர் வீடு ஒரு பழைய கட்டிடத்தின் மாடியில் இருந்தது. கூடம் நிறையப் பெண்கள். ஒருத்தி செல்போனை உயர்த்தி வீடியோ எடுக்க ஆரம்பித்திருந்தாள். டீச்சரின் பக்கத்து வீட்டுச் சங்கரி ஓடிவந்து பாத்திரங்களை வாங்கிக்கொண்டாள்.

"மரவள்ளிக் கப்பையை வேகவச்சு மசிச்சு ரெடியா வச்சிருக்கோம். மேல சீஸ் போட்டு ஓவன்ல வைக்கணும், அவ்வளவுதான்" என்றாள்.

பிச்சை தொண்டையைச் செருமினார். "முதல் விஷயம். ஓவன் சூடாகுறதுக்கு முன்னாடியே பாத்திரத்தை உள்ளே வச்சிடணும். ரெண்டும் சேர்ந்தே மெல்லச் சூடாகணும். அவசரப்படக் கூடாது."

கப்பை உள்ளே போனது. எல்லோரும் ஓவன் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிச்சை பாத்திரத்தைப் பார்க்கவில்லை, காதைத்தான் தீட்டிக்கொண்டிருந்தார். சத்தம் எதுவும் வரவில்லை. சீஸ் உருகி, பொங்கி, பொன்னிறமானது. ஒரு துண்டை மடித்துப் பிடித்துப் பாத்திரத்தை வெளியே எடுத்தார். கீறல் இல்லை. பெண்கள் கைதட்டினார்கள்.

கைதட்டலில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணோடு பாத்திரத்தை அடுப்பு மேடையில் வைத்தார். கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும், "சூட்டோட வெறும் மேடையில வைக்காதீங்க, மரப்பலகையில வைங்க" என்று சொல்கிறவர் அவர்தான். மேடையோ அப்போதுதான் கழுவி விட்ட ஈர கிரானைட்.

'டக்.'

"என்ன சத்தம்?" என்றார் டீச்சர்.

"ஓவன் ஆறுது" என்றார் பிச்சை. கையில் இருந்த துண்டைப் பாத்திரத்தின்மேல் போர்த்தினார்.

"கப்பை ஒழுகுதே" என்றாள் வீடியோ எடுத்தவள்.

டீச்சர் துண்டை விலக்கிப் பாத்திரத்தைத் தூக்கினார். பாதிதான் கையோடு வந்தது. பெண்கள் எல்லோரும் பிச்சையைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் வாய் தானாகப் பேசியது.

"இதைத்தான் செய்யக் கூடாது! சொன்னா மனசுல நிக்காதுன்னுதான் செஞ்சே காட்டினேன்."

"அட" என்றாள் ஒருத்தி. "எங்களுக்காகச் சொந்தப் பாத்திரத்தையே உடைச்சிருக்காரே." டீச்சரும் தலையை ஆட்டினார். பிச்சைக்கு உயிர் திரும்பி வந்தது.

"சரி, இப்போ உடையாம செஞ்சு காட்டுங்க" என்றார் டீச்சர்.

அந்த நேரம் பார்த்து மெஹருன்னிசா போனில் கூப்பிட்டாள்.

"என்னங்க, எங்கே இருக்கீங்க? கடையில நான் மட்டும்தான் இருக்கேன்."

"டீச்சர் வீட்ல, மெஹரு. எல்லாம் நல்லபடியாத்தான் போகுது."

"உங்க குரல் அப்படிச் சொல்லலையே."

அவளைச் சமாதானப்படுத்திவிட்டுத் திரும்பியபோது சங்கரி ஓவன் கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா வச்சே?"

"கேரமல் புட்டிங். நீங்க வந்ததும் குடுத்தீங்களே, அந்த ரெண்டாவது பாத்திரத்துலதான். நல்லா செட் ஆகட்டும்னு இவ்வளவு நேரம் ஃப்ரீசர்ல வச்சிருந்தேன். ஓவன் இன்னும் சூடாத்தான் இருக்கு, ஃபுல்லா திருப்பி விட்டுட்டேன்."

பிச்சை பாய்ந்தார். ஓவன் கதவில் கை படுவதற்குள் உள்ளே பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம். புட்டிங் சூட்டுக் கம்பியில் வழிந்து சீறியது. கறுப்புப் புகை கிளம்பியது. 'பட்' என்று விளக்கு அணைந்தது, ஃபேன் நின்றது. பழைய கட்டிடம்; மேலேயும் கீழேயும் ஒரே ஃபியூஸ். மொத்தமாகப் போய்விட்டது.

இருமல் அடங்கியதும் டீச்சர் ஓவனைத் தட்டிப் பார்த்தார். "இது என் தம்பி வாங்கிக் குடுத்தது" என்றார் மெல்லிய குரலில். கத்தியிருந்தால்கூடப் பிச்சை தாங்கியிருப்பார்.

"புது ஓவன் வாங்கித் தரேன், டீச்சர்! இதோ, இந்த மூணாவது பாத்திரமும் உங்களுக்குத்தான். தயவுசெஞ்சு குரூப்புல மட்டும் ஒண்ணும் போட்டுடாதீங்க."

"எங்க வீட்லயும் ரெண்டு உடைஞ்சு கிடக்கு" என்றாள் வீடியோக்காரி.

"அதையும் மாத்தித் தரேன்."

"எனக்கு கோப்பையோட கைப்பிடி போயிடுச்சு. ஆனா உங்க கடையில வாங்கினதான்னு ஞாபகம் இல்ல" என்றாள் இன்னொருத்தி.

"பரவாயில்லம்மா, கொண்டுவாங்க."

டீச்சர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு போனை வாயருகே கொண்டுபோனார். பிச்சை தடுப்பதற்குள் பேசி முடித்துவிட்டார்.

"எல்லாரும் கேளுங்க. நம்ம பிச்சைக்கா மாதிரி ஒரு நல்ல மனுஷனை நான் பார்த்ததே இல்ல. எந்தப் பாத்திரம் உடைஞ்சாலும், யாரு உடைச்சாலும், ஒரு வார்த்தை கேட்காம புதுசு தராரு. வீட்ல உடைஞ்சது இருந்தா இப்பவே கடைக்குக் கொண்டு போங்க."

கூடத்தில் இருந்த போன்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் குயில் மாதிரி கூவின.

"இப்போ சந்தோஷமா, பிச்சைக்கா?"

பிச்சை சிரிக்க முயன்றார். உதடு ஒத்துழைக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் மெஹருன்னிசா.

"என்னங்க, கடை வாசல்ல கூட்டமா நிக்குது. எல்லார் கையிலயும் உடைஞ்ச சாமான். ஒருத்தர் பூந்தொட்டி கொண்டு வந்திருக்காரு. பள்ளுருத்தியிலிருந்து வேற ஆட்டோ போட்டு வராங்களாம். நான் என்ன சொல்லட்டும்?"

"ஷட்டரை இறக்கு" என்றார் பிச்சை.

"இறக்க விட மாட்டேங்குறாங்க. நீங்க வாக்குக் குடுத்தீங்களாமே!"

அவர் சோபாவில் உட்கார்ந்துவிட்டார். சங்கரி தண்ணீர் கொண்டுவந்தாள். டீச்சர் விசிறியால் வீசினார். "தப்பா நினைக்காதீங்க" என்றார் கரிசனமாக. "என் பாத்திரம் உடைஞ்ச ஆத்திரத்துல காலையில கொஞ்சம் கத்திட்டேன்."

"பரவாயில்ல டீச்சர். என் சரக்கு. நான்தானே பொறுப்பு" என்றார் பிச்சை.

யாரோ கதவைத் தட்டினார்கள். கீழ்வீட்டு நௌரின். கரண்ட் போன எரிச்சல் முகத்தில் இருந்தாலும் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தாள். கையில் பளபளவென்று ஒரு நீலப் பாத்திரம்.

"டீச்சரே, பெருநாளன்னிக்குப் பலகாரம் குடுத்து வாங்கினப்போ நம்ம ரெண்டு நீலப் பாத்திரமும் மாறிப்போச்சு. இதுதான் உங்களோடது, இந்தாங்க. பிச்சைக்கா கடைச் சாமான்னா சாமான்தான், தினமும் போட்டு அடிச்சும் ஒரு கீறல் விழல. என்னோடதை எடுத்துத் தாங்க, ஆனா மெல்லப் பிடிங்க, அது இடப்பள்ளியில தள்ளுபடியில வாங்கினது, தொட்டாலே உடைஞ்சிடும்!"