வெள்ளைச்சாமி அவுட்டே ஆகவில்லை

கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதுகிறவர்களில் ஒரு ரகம் உண்டு. முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஒரு சந்தேகம் கேட்டுப் பாருங்கள், உடனே தலையை லேசாகச் சாய்த்து, கேட்டவர்மேல் இரக்கப்பட்டு, "அப்படி யார் பண்ணப்போறா?" என்று சிரிப்பார்கள்.

மயிலாப்பூர் கஸ்தூரிரங்கன் இந்த ரகத்தில் அசல். பெயர் கேட்டால் ஜனங்கள் எண்ணைத் தட்டுவார்கள், ஃப்ளாப்பியைச் செருகாமலே சேமிக்கச் சொல்வார்கள், கீபோர்டின்மேல் முழங்கையை ஊன்றிக் காபி குடிப்பார்கள் என்பதையெல்லாம் அவர் நம்பியதே இல்லை. அவர் எழுதியது அவர் தட்டினால் ஓடியது. அப்புறம் என்ன?

தொண்ணூற்றேழு தீபாவளிக்கு, தி.நகர் ஜவுளிக்கடை முதலாளி வெள்ளைச்சாமிக்கு ஓர் ஆசை வந்தது. அம்மாக்கள் புடவை பார்த்து முடிக்கும்வரை பிள்ளைகள் அழாமலிருக்க, மாடியில் கம்ப்யூட்டர் கிரிக்கெட்! எழுதும் பொறுப்பு கஸ்தூரிரங்கனுக்கு வந்தது. ஒருவருக்குப் பன்னிரண்டு பந்து. எத்தனை முறை அவுட்டானாலும் தொடர்ந்து ஆடலாம். கடைசியில் எடுத்த ரன்னை அவுட்டான எண்ணிக்கையால் வகுத்துச் சராசரி காட்டும்.

ஆபீசில் பக்கத்து மேஜை நீரஜா எட்டிப் பார்த்தாள்.

"ஒருத்தர் அவுட்டே ஆகலைன்னா? பூஜ்யத்தால வகுக்கச் சொன்னா அது அப்படியே நின்னுடுமே."

"பன்னெண்டு பந்துல அவுட்டே ஆகாம யார் ஆடப்போறா? எழுதின நானே நாலு தடவை அவுட் ஆறேன்!"

"ரெண்டு வரிதானே, எழுதிடேன்."

எழுதவில்லை.

திறப்பு நாளன்று மானிட்டருக்குச் சந்தனம், குங்குமம், மல்லிகைச் சரம் எல்லாம் ஆயிற்று. முதல் ஆட்டம் முதலாளி. முப்பது வருடமாக எந்தச் சரக்கையும் தடவிப் பார்க்காமல் வாங்காத மனிதர், வெளியே போன பந்தையெல்லாம் போகவிட்டு, உள்ளே வந்ததைத் தட்டிவிட்டு, ஏழு ரன் எடுத்தார். அவுட்? ஒருமுறைகூட இல்லை. கூட்டம் கைதட்டியது. திரை கறுத்தது. மூலையில் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி.

"என்ன தம்பி, செத்துப்போச்சா?"

"நீங்க அவுட் ஆகலையே சார்... அதான்."

"அவுட் ஆகாதது என் குத்தங்கீங்களா?"

கஸ்தூரிரங்கனுக்குக் காது சுட்டது. அவசரமாக உட்கார்ந்து, அவுட் பூஜ்யமென்றால் சராசரியும் பூஜ்யம் என்று எழுதினார். மறுபடி ஆட்டம். கல்லாவில் இருக்கும் ஆனந்தகுமார் ஆறு முறை அவுட்டாகிச் சராசரி இரண்டு வாங்கினான். அடுத்து ஆடிய முதலாளி இந்தத் தடவையும் அவுட்டாகவில்லை. அவருக்குப் பூஜ்யம்.

"ஆறு வாட்டி அவுட்டானவன் எனக்கு மேலயா?"

அடுத்த வைத்தியம், இந்த ரகத்துக்கே உரியது: பிழை வந்தால் வாயை மூடிக்கொண்டு அடுத்த வரிக்குப் போ என்று கம்ப்யூட்டருக்கே எழுதிவிடுவது. போயிற்று. திரை கறுக்கவில்லை. ஆனால் புதுச் சராசரி கிடைக்காததால், ஆனந்தகுமாரின் பழைய இரண்டையே, மூன்றாம் தடவையும் அவுட்டாகாமல் ஆடிய முதலாளிக்கும் காட்டியது. ஆனந்தகுமார் சிரிக்கக்கூடாதென்று தும்மினான்.

கடைசியில் கஸ்தூரிரங்கன் கடைப் போனில் நீரஜாவைக் கூப்பிட்டார்.

"வகுக்கறதுக்கு முன்னாடி பாரு. பூஜ்யம்னா வகுக்காதே. நாட் அவுட்னு போடு, போறும்," என்றாள் அவள். 'நான் அப்பவே சொன்னேனே' என்று சொல்லவில்லை. அதுதான் அவரை அதிகம் உறுத்தியது.

முதலாளியின் நாலாம் ஆட்டம் முடிந்து 'நாட் அவுட்' என்று கொட்டை எழுத்தில் வந்ததும், வெள்ளைச்சாமி புடவை மடித்துக்கொண்டிருந்த பெண்களையெல்லாம் மாடிக்குக் கூப்பிட்டுக் காட்டினார். "பாத்துக்கிடுங்க, நாட் அவுட்டு!"

திரும்பும்போது பஸ்ஸில் கஸ்தூரிரங்கன் தன் பழைய புரோகிராம்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார். எத்தனை இடத்தில் வகுத்திருக்கிறோம்! வீட்டுக்குப் போக லஸ்ஸில் இறங்க வேண்டியவர் இறங்காமல் நேரே ஆபீசுக்குப் போனார்.

நல்லவேளை, நமக்கு அந்தக் குணமில்லை என்கிறீர்களா? இருக்கலாம். ஐப்பசி மாதத்தில் காலை வெயிலை நம்பிக் குடையை வீட்டில் வைத்துவிட்டு, இதோ பாண்டி பஜாரில் யார் கடை வாசலிலோ மழைக்கு ஒதுங்கி நின்றபடி, இந்தப் பத்திரிகையைப் படிப்பதா தலைக்குப் பிடிப்பதா என்று யோசித்துக்கொண்டிருக்கிறீர்களே, நீங்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.