முதுகில் கோச் என்று எழுதியிருந்தவர்

காது கேட்காத பிள்ளையின் அம்மா எப்போது வாயை மூட வேண்டும்? பல வருடங்களாக இந்தக் கேள்வி என்னிடம் இருக்கிறது. பதில் இல்லை. எம்.காம். படித்திருக்கிறேன். பிள்ளை வளர்ப்பு பற்றிக் கண்ணில் பட்டதையெல்லாம் படிக்கிறேன். எதிலும் இது இல்லை. வாயை மூடாததால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னென்ன நடந்தது என்பது மட்டும் நன்றாகத் தெரியும். அதைச் சொல்கிறேன். நடுநடுவே கோபம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகள் தர்ஷினிக்குப் பன்னிரண்டு வயது. நூறு மீட்டர் ஓடுவாள். ஓடுவாள் என்றால் சும்மா இல்லை (பெத்தவ பெருமைக்குச் சொல்லலீங்க, நிசமாத்தான்). ஆனால் ஒரு பந்தயத்திலும் அவள் சரியாகப் புறப்பட்டதில்லை. மற்றவர்களுக்கு விசில் கேட்கும். இவள் பக்கத்துப் பெண்ணின் காலையே பார்த்துக்கொண்டு நிற்பாள். அந்தக் கால் அசைந்த பிறகுதான் இவளுக்குப் பந்தயம் தொடங்கும். கழுத்தைத் திருப்பியபடியே புறப்பட்டு, எல்லோரையும் துரத்திக்கொண்டு போய் நாலாவதாக வருவாள்.

"விசில் அடிக்கறப்பவே ஒரு கொடியையும் எறக்கிக் காட்டுனீங்கன்னாப் போதுங்க சார்" என்று பள்ளி விளையாட்டு ஆசிரியரிடம் கேட்டேன்.

"ஒரு பாப்பாவுக்காக எல்லாத்தையும் மாத்த முடியுங்களா? கொஞ்சம் கவனமா நிக்கச் சொல்லுங்க" என்றார்.

கவனமாம்! அந்த மைதானத்தில் அவளைவிடக் கவனமாக நின்றவர் யார்? (இதை அவரிடம் கேட்கவில்லை. "சரீங்க சார்" என்று கும்பிட்டுவிட்டு வந்து, வீட்டில் குக்கரிடம் கத்தினேன்.)

அப்போதுதான் அந்த அழைப்பு போனுக்கு வந்தது. காது கேட்காத ஓட்டக்காரர்களும் பயிற்சியாளர்களும் ஒருவரையொருவர் அறிமுகம் செய்துகொள்ளும் சந்திப்பு. மங்கலம் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபம். தாராபுரத்திலிருந்து ஒரு பயிற்சியாளர் வருகிறார், அவருக்கும் காது கேட்காது. விளக்கு எரிந்ததும் புறப்படுவதற்குப் பழக்குகிறவர். புதிதாகக் குழு சேர்க்கிறார். அவர் கண்ணில் தர்ஷினியைப் படவைத்துவிட்டால் போதும் என்று முருகனிடம் வேண்டிக்கொண்டு ஒரு பைல் தயாரித்தேன். சான்றிதழ்கள், போட்டோக்கள், காது பரிசோதனைத் தாள்கள், பள்ளி நன்னடத்தைச் சான்று, தடுப்பூசி அட்டை. (தடுப்பூசி அட்டை எதற்கு என்று கேட்காதீர்கள்.)

"இதென்ன அம்மிணி, விசா வாங்கவா போற?" என்றார் என் வீட்டுக்காரர்.

திருப்பூரில் பயிற்சியாளரைத் தேடுவதில் ஒரு சிக்கல் உண்டு. இங்கே எல்லோரும் பயிற்சியாளர் மாதிரியே இருப்பார்கள். ஏற்றுமதியில் மிஞ்சிய துணி இல்லாத வீடு கிடையாது. எங்கள் மளிகைக்கடைக்காரர் ஏதோ ஒரு நாட்டுக் கால்பந்து அணியின் சட்டையைப் போட்டுக்கொண்டு துவரம்பருப்பு நிறுப்பார். என் வீட்டுக்காரரே பனியன் கம்பெனியில் ஆர்டர் பார்க்கிறவர். எனக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் மண்டப வாசலில் ஒருவர் நின்றார். அகலமான தோள், நீல டிராக் பேன்ட், நீல டி-ஷர்ட். முதுகில் ஆங்கிலத்தில் 'கோச்' என்று ஒரு முழத்துக்கு எழுத்து. அதற்கு மேல் என் மூளை வேலை செய்யவில்லை.

அவர் முன்னால் போய் நின்றேன். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளட்டும் என்று வாயை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு சொல்லாகப் பேசினேன். "சார்! இவ! என்ற! பொண்ணு!"

அவர் ஓரடி பின்னால் போனார். "சரீங்க" என்றார்.

எனக்குப் புல்லரித்துவிட்டது. காது கேட்காதவர் எவ்வளவு தெளிவாகப் பேசுகிறார்! தர்ஷினிக்கு மூன்று வயதில் ஒரு நிபுணர் சொன்னார்: சைகையே காட்டாதீர்கள், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், அப்போதுதான் பேச்சு வரும். கடமை தவறாத அம்மாவாகப் பல வருடம் அந்தச் சின்னக் கைகளைப் பிடித்து வைத்தேன். பேச்சு வரவில்லை. சைகை மொழியை அவள் பிறகு தோழிகளிடம் கற்றுக்கொண்டாள். எனக்குத் தெரிந்தது சோறு, தண்ணி, பாத்ரூம், சேட்டை பண்ணாதே. அவ்வளவுதான். அந்த நிபுணரை நினைத்தால் இன்றும் பல்லைக் கடிப்பேன்.

"ரொம்ப நல்லாப் பேசறீங்க சார்!" என்றேன்.

"அப்படீங்களா?" என்று அவர் வெட்கப்பட்டார். பைலை அவர் கையில் திணித்து, தர்ஷினி ஓடியது, விழுந்தது, எழுந்தது எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எல்லாவற்றுக்கும் சரீங்க, சரீங்க என்றார். நடுவில் "ஏனுங்கக்கா, அந்த வண்டி வந்துங்க..." என்று எதையோ ஆரம்பித்தார். நான் விடவில்லை.

திரும்பிப் பார்த்தால் தர்ஷினியைக் காணோம்.

உள்ளே விழா தொடங்கியிருந்தது. காது கேட்காதவர்கள் நிறைந்த மண்டபத்தில் இறைவணக்கப் பாட்டுப் பாடினார்கள். அதன்பின் ஒருவர் மைக்கில், "அனைவரும் அமைதி காக்கவும்" என்றார். அங்கே சத்தம் போட்டுக்கொண்டிருந்தது அந்த மைக் ஒன்றுதான். சைகையில் சொல்ல ஆள் இல்லை. நெஞ்சில் பேட்ஜ் குத்தியிருந்த ஒரு அம்மாவிடம் கேட்டேன்.

"பேரண்ட்ஸ் நீங்கெல்லாம் இருக்கீங்கல்லங்க, அதனால ஏற்பாடு பண்ணுலீங்க" என்றார்.

எனக்குத் தெரிந்த சைகைகளை எண்ணிப் பார்த்தேன். சோறு, தண்ணி, பாத்ரூம்.

தர்ஷினி வெளியே, வண்டிகள் நிறுத்தும் இடத்தில் இருந்தாள். ஆறேழு பேர் வட்டமாக நின்றார்கள். நடுவில் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் ஒரு ஒல்லியான மனிதர். எல்லோர் கைகளும் பறந்துகொண்டிருந்தன. தர்ஷினியின் கைகளும்தான். அப்படி அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு வந்தது பயம். யார் இந்த ஆள்? உள்ளே பயிற்சியாளர் காத்திருக்க இவளுக்கு இங்கே என்ன அரட்டை?

அவள் இடது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்து இழுத்தேன். அவள் பிய்த்துக்கொள்ளப் பார்த்தாள். வெள்ளைச் சட்டைக்காரர் ஏதோ சொல்லக் கையைத் தூக்கினார். "மன்னிச்சுக்குங்க, நேரமாச்சு" என்று அவரிடம் வாயாலேயே சொல்லிவிட்டு, மகளை உள்ளே கொண்டுபோய் முதல் வரிசையில் உட்கார வைத்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அவள் கண்ணை மூடினால் எங்கள் வீட்டில் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

மேடையில் யார் யாரோ யார் யாரையோ பாராட்டினார்கள். இரண்டு மணி நேரம் கழித்துத்தான் மைக்கில் கூப்பிட்டார்கள்: "இப்போது நமது பயிற்சியாளர் அவர்களுக்குப் பொன்னாடை!" காது கேட்காதவரை மைக்கில் கூப்பிடுகிறார்கள்! மூன்று தடவை கூப்பிட்டும் யாரும் வரவில்லை. என் நீலச் சட்டைக்காரரோ ஓரமாகச் சுவரில் சாய்ந்து நின்றார். பாவம், கேட்கவில்லை போல. ஓடிப்போய் அவர் தோளைத் தட்டி மேடையைக் காட்டினேன்.

"இல்லீங்கக்கா, நான் வந்துங்க..."

"கூச்சப்படாதீங்க சார்!" என்று படி வரைக்கும் தள்ளிக்கொண்டு போனேன். மேலே இருந்தவர்கள் அவரைப் பிடித்துப் பொன்னாடை போர்த்தி, போட்டோ எடுத்து, மைக்கைக் கையில் கொடுத்தார்கள்.

அவர் கும்பிட்டார். "வணக்கமுங்க. முப்பது தண்ணி கேனு வண்டியில வெயில்ல நிக்குதுங்க. எங்க எறக்கறதுன்னு யாராச்சும் சொன்னாத் தேவலைங்க."

நான் மேடையேற்றியது தண்ணி கேன்காரரை. காது கேட்காதவர்கள் நாற்காலியில் திரும்பித் திரும்பி, தங்கள் பயிற்சியாளரைத் தேடிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் எழுந்து வெளியே ஓடினாள். திரும்பி வந்து கையை விரித்தாள். பயிற்சியாளரான அந்த வெள்ளைச் சட்டைக்காரர் காத்திருந்து பார்த்துவிட்டுப் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டிருந்தார்.

தர்ஷினி எழுந்து வந்து தன் இடது மணிக்கட்டை என் முகத்துக்கு நேராக நீட்டினாள். பேனாவால் எழுதிய போன் நம்பர். அவர் எழுதிக் கொடுத்தது. நான் பிடித்த இடத்தில் வேர்வையில் நாலு எண்கள் கரைந்து நீலத் தீற்றலாகக் கிடந்தன. நான் இரண்டு வாரம் பைல் தயாரித்து முடிக்காததை அவள் பத்து நிமிடத்தில் முடித்திருந்தாள். என் பிடி அதையும் அழித்துவிட்டது.

பேட்ஜ் அம்மாவிடம் நம்பர் கேட்டேன். "கமிட்டியில கேட்டுச் சொல்றமுங்க" என்றார். இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று நினைக்கிறேன்.

மறுநாள் காலை வாசலில் அந்த நீல டி-ஷர்ட். கையில் என் பைல்.

"அட்ரஸ் இதுலயே இருந்துச்சுங்கக்கா. எல்லாத்தையும் படிச்சுப் பாத்தனுங்க. தடுப்பூசியெல்லாம் கரெக்ட்டாப் போட்டிருக்கறீங்க" என்றார். (கேலி இல்லை. உண்மையாகவே பாராட்டினார்.) "அந்தப் பொன்னாட என்னுது இல்லீங்களே, ஊட்டுல வெச்சுக்க மனசு வருலீங்க. நேத்தே விசாரிச்சுட்டு பஸ் ஸ்டாப்புக்குப் போயி அந்த சாருகிட்டயே குடுத்துட்டனுங்க. பைலையுங் காட்டுனனுங்க. பாப்பா போட்டோவப் பாத்ததும் நம்பர் எழுதிக் குடுத்தாருங்க."

அழுதேன். இரண்டு கேன் தண்ணியும் வாங்கினேன்.

இப்போது தர்ஷினி விளக்கைப் பார்த்துப் புறப்படுகிறாள். பக்கத்துக் காலைப் பார்ப்பதில்லை. தண்ணி கேன்காரருக்கு எங்கள் வீட்டில் பெயர் கோச்தான். "கோச் வந்துட்டாரு, காலி கேன எடுத்து வெய்யி" என்பார் என் வீட்டுக்காரர். எனக்கும் ஒரு பெயர் கிடைத்திருக்கிறது. காது கேட்காதவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு சைகைப் பெயர் வைப்பார்கள். வலது கையால் இடது மணிக்கட்டைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தால் அது நான். பெருமாநல்லூரிலிருந்து தாராபுரம் வரை காது கேட்காத ஓட்டக்காரர்கள் அத்தனை பேருக்கும் என்னை இப்படித்தான் தெரியும். என் வீட்டுக்காரரும் காபி வேண்டுமென்றால் இப்படித்தான் கூப்பிடுகிறார்.

அவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. சைகையிலேயே வீடியோ போட்டுக்கொள்வார்கள். எங்கே போட்டி, எந்த ஊரில் யார் பயிற்சி தருகிறார் எல்லாம் அதில்தான். நானும் அதில் இருக்கிறேன். போன வாரம் பயிற்சியாளர் தர்ஷினியிடம் கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்டார். அவள் கையைத் தூக்குவதற்குள் நான் நாலு பத்தி தட்டச்சு செய்து அனுப்பிவிட்டேன். அன்று அவள் எனக்கு எழுதினாள்: "அம்மா, நீ குரூப்பை விட்டுப் போ."

வருகிற சனிக்கிழமை பல ஊர்ப் பயிற்சியாளர்களும் ஓட்டக்காரர்களும் கூடும் முகாமுக்குப் போகிறாள், நான் இல்லாமல். விலகவா, இருக்கவா? விலகினால், அங்கே அவளுக்கு ஒன்று என்றால் எனக்கு யார் சொல்வார்கள்? இருந்தால், என் விரலை யார் பிடித்து வைப்பார்கள்? இதைத் தாண்டி வந்த அம்மாக்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள். சனிக்கிழமைக்குள் எழுதுங்கள். 'அம்மாவுக்குத்தான் எல்லாம் தெரியும்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். உங்கள் பதிலை அவள்தான் முதலில் படிப்பாள்.