கொன்ஸ்ரன்ஸ் கேக் டொட் கொம்

இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்து மூன்றாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பல் விளக்கிக்கொண்டிருந்தபோது, கதிர்காமநாதன் பணக்காரராவது என்று முடிவெடுத்தார். இதற்கு முன்பும் இப்படி முடிவெடுத்திருக்கிறார். மொட்டைமாடியில் கோழி வளர்த்தபோது ஒருதரம். சிரட்டையில் அகப்பை செய்து ஜப்பானுக்கு அனுப்ப நினைத்தபோது ஒருதரம். கோழிகளை அயலட்டைச் சனம் சாப்பிட்டது. சிரட்டைகளை மனைவி கனகேஸ்வரி அடுப்பில் வைத்துப் பால் காய்ச்சினாள். ஆனால் இந்தமுறைச் சரக்கு வேறு. அதற்குத் தீனி வேண்டாம், அடுக்கிவைக்க இடம் வேண்டாம், அடுப்பில் எரிக்கவும் முடியாது. அவர் விற்கப்போனது பெயர்.

யோசனையைக் கொடுத்தவன் ஒஸ்வால்ட். கொட்டாஞ்சேனைக்காரன். கொழும்பு வெள்ளவத்தையில் கொமியுனிகேஷன் கடை வைத்திருந்தான். அந்தக் காலத்து வெள்ளவத்தையில் இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. காலி வீதியில் நாலு கடைக்கு ஒன்று கொமியுனிகேஷன். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒருவர் நின்றுகொண்டு போனில் லண்டனுக்குக் கேட்கும்படி கத்துவார். வெளியே வரிசையில் நிற்கிற பத்துப் பேருக்கும் அவர் வீட்டுச் சங்கதி முழுக்கத் தெரிந்துவிடும். யாருக்கு விசா கிடைத்தது, யாருக்குச் சம்பந்தம் பொருந்தவில்லை, ஊரில் யார் வீட்டில் செல்குண்டு விழுந்தது, எல்லாம். கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வருகிறவருக்கு, முன்பின் தெரியாத ஒருவர் எழுந்து கதிரை கொடுப்பார். இப்போது ஆளுக்கொரு போன் இருக்கிறது. பக்கத்து வீட்டில் செத்தவீடு நடந்தாலும் பந்தல் போட்ட பிறகுதான் தெரிகிறது. அந்த வரிசையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஏக்கமாகத்தான் இருக்கிறது.

ஒஸ்வால்டின் கடை மூலையில் ஒரு கொம்பியூட்டரும் இருந்தது. இன்ரநெற் பிடிக்கும்போது அது கீச்சிட்டு, கரகரத்து, இருமி, ஒருவழியாக ஓயும். அதன் முன்னால் வைத்துத்தான் அவன் மந்திரம் ஓதினான்.

"அங்கிள், அமெரிக்காவில ஒருத்தன் ஒரு பெரிய கொம்பனியின்ட பேருக்குப் பின்னால டொட் கொம் போட்டு, அவங்களுக்கு முதல் இன்ரநெற்றில பதிஞ்சு எடுத்து வச்சிட்டான். பிறகு கொம்பனியே வந்து கெஞ்சிக் காசைக் கொட்டிச்சாம்."

"எவ்வளவு?"

ஒஸ்வால்ட் சொன்னான். கதிர்காமநாதன் கதிரையைப் பிடித்துக்கொண்டார்.

"பேரை எடுக்க எவ்வளவு முடியும்?"

"முப்பத்தஞ்சு டொலர்தான். ஆனா கிரெடிட் காட் வேணும்."

அங்கேதான் இடித்தது. அவருக்குத் தெரிந்து கிரெடிட் காட் வைத்திருந்த ஒரே மனிதன் யோகநாதன். கனகேஸ்வரியின் தம்பி, ரொறன்ரோவில் இருப்பவன். கதிர்காமநாதன் பணக்காரராக ஆசைப்பட்டதே அவனால்தான். கப்பல் கொம்பனியில் முப்பது வருடம் கிளாக்காக இருந்து ஓய்வுபெற்றவர் இவர். ஆனால் வீட்டு பிறிட்ஜ் யோகநாதன் வாங்கியது. ரீவி யோகநாதன் வாங்கியது. இவர் உடம்பில் கிடந்த பெனியனும் யோகநாதன் அனுப்பியது. யார் வந்தாலும் கனகேஸ்வரி ஒவ்வொரு சாமானாகத் தொட்டுக் காட்டி, "இது தம்பி அனுப்பினது" என்பாள். ஒருநாளைக்காவது ஒரு சாமானைத் தொட்டு "இது இவர் எடுத்தது" என்று அவள் சொல்ல வேண்டும். அந்த மனிதருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

ரோசத்தைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு கண்ணாடிப் பெட்டிக்குள் நுழைந்து ரொறன்ரோவுக்குப் போன் எடுத்தார்.

"தம்பி, எனக்கொரு பேர் எடுத்துத் தரவேணும்."

"என்ன பேர் அத்தான்?"

"கொன்ஸ்ரன்ஸ் கேக் டொட் கொம்."

வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. கொன்ஸ்ரன்ஸ் கேக்கைத் தெரியாதவர் யார்? கொட்டாஞ்சேனையில் நாற்பது வருடமாக நடக்கிற கடை. கலியாணம், ஞானஸ்நானம், நத்தார்ப் பண்டிகை எதுவும் அந்தச் சிவப்புப் பெட்டி இல்லாமல் நடக்காது. கட்டுநாயக்காவில் விமானம் ஏறுகிறவர் பாஸ்போட்டை மறந்தாலும் அதை மறக்கமாட்டார். இப்போது கடையை நடத்துகிறவள், தொடங்கிய கொன்ஸ்ரன்ஸ் அம்மாவின் மகள் இமெல்டா. கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் கனகேஸ்வரியுடன் ஒரே வாங்கில் இருந்து படித்தவள். தெரிந்த கடை என்றால் எவ்வளவு கறக்கலாம் என்பதும் தெரியும் என்பது கதிர்காமநாதனின் கணக்கு.

மனச்சாட்சி ஒன்று இருந்தது. அது கேள்வி கேட்டது. "நான் எடுக்காட்டி வேற எவனாவது கள்ளன் எடுப்பான். நான் எடுக்கிறது பாதுகாப்புக்கு. பாதுகாத்து வைச்சதுக்கு ஒரு சின்னக் கூலி, அவ்வளவுதான்" என்று அதன் வாயை அடைத்தார். அடையாள அட்டையில் உள்ள சொந்தத் தமிழ்ப் பெயரைச் சோதனைச் சாவடியில் சொல்லவே நாக்கு வறண்ட காலம் அது. இவர் அடுத்தவர் பெயரை விற்கப் போனார்.

இரண்டு வாரம் கழித்து ஒஸ்வால்ட் ஒரு கடிதம் அடித்தான். 'குளோபல் நேம் சேர்விசஸ்' என்று தலைப்பு. தங்கள் கடையின் பெயர் எங்கள் கைவசம் உள்ளது, ஒரு லட்சம் ரூபாய்க்குத் தருவோம், பதிலை இந்த பக்ஸ் நம்பருக்கு அனுப்பவும். கையெழுத்து ஒரு கிறுக்கல். அதைத் தபாலில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்த கதிர்காமநாதன் அன்றைக்குப் புட்டு இரண்டாம்தரம் போட்டுச் சாப்பிட்டார்.

பத்தாம் நாள் பின்னேரம் இமெல்டாவே ஓட்டோவில் வந்து இறங்கினாள். கனகேஸ்வரி விறாந்தையில் இருந்து சுளகில் முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தாள். கதிர்காமநாதன் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்தார்.

"கனகா, உன்னட்ட ஒண்டு கேக்கத்தான் வந்தன்" என்றாள் இமெல்டா. குரல் சரியாக இல்லை. கைப்பையிலிருந்து இரண்டு கடிதங்களை எடுத்தாள். "இது எனக்கு வந்தது. அம்மாட பேரை எனக்கே விக்கிறாங்கள். மற்றது என்ட லோயர் எழுதினது. இன்னும் அனுப்பேல்ல. அந்தப் பேர் யார்ட கையில இருக்கெண்டு அவர் கொம்பியூட்டர்ல பாத்தவர்."

"ஆரின்ர கையிலை?"

"உன்ட கையில, கனகா. திருமதி கனகேஸ்வரி கதிர்காமநாதன், வெள்ளவத்தை எண்டு கிடக்கு."

பேப்பர் இன்னும் கொஞ்சம் உயர்ந்தது. யோகநாதனிடம் 'எனக்கொரு பேர்' என்று சொன்னவர், யாருடைய பெயரில் என்று சொல்ல மறந்துபோனார். யாழ்ப்பாணத்து வீடுகளில் அதைச் சொல்லவும் தேவையில்லை. பெண் வீட்டிலிருந்து வருகிற காணி, வீடு, கிணற்றுப் பங்கு எல்லாம் பெண்ணின் பெயருக்குத்தான் எழுதுவது. கதிர்காமநாதன் குடியிருந்த பிளாட்டே அப்படி எழுதப்பட்டதுதான். கிரெடிட் காட்டைத் தேய்த்த யோகநாதனும் கை பழகினபடி எழுதிவிட்டான்.

இமெல்டா லோயரின் கடிதத்தை வாசித்தாள். நாற்பது வருடமாகப் பதிவிலிருக்கும் வியாபாரக் குறி. உரியவருக்கே விற்றுக் காசு பறிக்கும் எண்ணத்தோடு அந்தப் பெயரைப் பிடித்து வைத்திருப்பது கெட்ட நோக்கம். பதினான்கு நாளைக்குள் ஒப்படைக்காவிட்டால் வழக்கு, நட்டஈடு, செலவுத் தொகை. வாசிக்க வாசிக்க, கதிர்காமநாதனின் பெனியன் நனைந்தது.

"நீ செய்யமாட்டாய் எண்டு எனக்குத் தெரியும். ஆனா பேர் கிடக்கே?" இமெல்டாவின் கண் கலங்கிவிட்டது.

கனகேஸ்வரி கையைத் துடைத்தாள். புருஷன் பக்கம் திரும்பவேயில்லை.

"ஓம். என்ர பேரிலைதான் கிடக்கு. இவர்தான் எடுத்தவர்."

கதிர்காமநாதன் பேப்பரின் ஓரத்தால் எட்டிப் பார்த்தார்.

"எவனாவது கள்ளன் எடுத்துப்போட்டு உன்னை அலைக்கழிப்பான் எண்டு, உனக்குச் சும்மா குடுக்கத்தான் தம்பியிட்டைச் சொல்லி எடுப்பிச்சவர். ஈஸ்ரருக்குத் தருவம் எண்டு இருந்தனாங்கள்."

"அப்ப இந்த லெட்டர்?"

"அதுதானே! எங்களிட்டை இருக்கிற பேரை ஆரோ ஒரு வெக்கங்கெட்டவன் உனக்கு விக்கப் பாத்திருக்கிறான். நீ யோசியாதை. இவர் அவனைத் தேடிப் பிடிச்சு உன்ர லோயருக்கு முன்னாலை கொண்டுவந்து நிப்பாட்டுவார். என்னப்பா?"

"ஓ... ஓம்" என்றது பேப்பர்.

இமெல்டா எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணன், உங்கள மாதிரி மனுசர் இருக்கிறதால தான் நாங்க இருக்கிறம்" என்று அழுதாள். 'இவர் எடுத்தது' என்று மனைவி வாயால் கேட்டாயிற்று. ஆனால் ஒரு துளி சந்தோசமும் வரவில்லை.

ஓட்டோ போன பிறகுதான் அவர் பேப்பரை மடித்தார்.

"உமக்கு எப்பத் தெரியும்?"

"நீங்கள் ஒஸ்வால்டின்ர கடையாலை வீட்டுக்கு நடந்து வரமுன்னம் தெரியும். தம்பி உடனை எனக்குப் போன் எடுத்தவன். 'அக்கா, அத்தான் கேக் கடை போடப்போறாரோ?' எண்டு. என்னதான் செய்யிறீங்கள் பாப்பம் எண்டு இருந்தனான். லெட்டர் போடுவீங்கள் எண்டு நினைக்கேல்லை."

"நான் அதைப் பாதுகாத்து..."

"வாயை மூடுங்கோ. தொண்ணூற்றாறிலை பொலிஸ் சுத்திவளைச்ச ரவுண்டப்பிலை உங்களைக் கொண்டுபோய் அடைச்சு வைச்சாங்களே, நினைவிருக்கோ? உங்களை ஆரெண்டு தெரியும் எண்டு சொல்ல இந்தக் கொழும்பிலை ஒருத்தரும் வரேல்லை. இமெல்டாதான் வந்தவள். பொலிஸ் புத்தகத்திலை கொன்ஸ்ரன்ஸ் கேக் ஹவுஸ் எண்டு எழுதி, 'இந்த மனுசனுக்கு நான் பொறுப்பு' எண்டு சிங்களத்திலை சொல்லிக் கையெழுத்துப் போட்டவள். தாயின்ர பேரைக் குடுத்து உங்களை எடுத்தவள். அந்தப் பேருக்கே விலை போட்டியள்." அவள் குரல் உடைந்தது. அவள் இமெல்டாவுக்காக அழுதாளா, அந்த நாளை நினைத்து அழுதாளா என்று அவருக்குத் தெரியவில்லை.

கதிர்காமநாதன் அன்றைக்குத்தான் உண்மையாக வெட்கப்பட்டார். அந்தப் பொலிஸ் நிலையத்தில் பெல்ற் இல்லாமல் காற்சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றதும், கதவு திறந்து இமெல்டாவின் முகம் தெரிந்ததும், தான் அழுததும் ஞாபகம் வந்தது. முருங்கையிலைச் சுளகை இழுத்து, அவளோடு சேர்ந்து இரண்டு காம்பு உருவினார்.

"நாளைக்கே எழுதிக் குடுத்திடுவம்" என்றார்.

"நீங்கள் வாய் திறக்கிற பாடில்லை எண்டு முந்தநாளே தம்பியிட்டைச் சொல்லி இமெல்டாவின்ர பேருக்கு மாத்திற வேலை தொடங்கியாச்சு."

கரையோர ரயில் போய் ஓய்ந்தது.

"அதுசரி, முப்பத்தஞ்சு டொலர் வீணாப் போச்சு" என்று மெல்ல முனகினார். பழக்கதோசம்.

"வீணாப் போகேல்லை. ஒண்டு எடுத்தால் மற்றது பாதி விலை எண்டு தம்பி சொன்னவன். நானும் ஒரு பேர் எடுப்பிச்சனான்."

"நீரோ? என்ன பேர்?"

கனகேஸ்வரி சுளகைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

"கதிர்காமநாதன் டொட் கொம். அதுவும் என்ர பேரிலைதான் கிடக்கு. உங்களுக்கு எப்பவாவது தேவைப்பட்டால் ஒரு லெட்டர் போடுங்கோ, யோசிப்பம்."