செபாஸ்த் மீன் முறித்த சம்பந்தம்

யேசு மரி சூசை

லா சப்பல்,
ஏப்ரல் 22

மதிப்புக்குரிய றெமிஜியஸ் அத்தான் அறிவது,

நீங்கள் என் மகள் ஜெனிற்றாவுக்குக் கொண்டுவந்த சம்பந்தம் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் முறிந்துவிட்டது. முறித்தது ஒரு மீன். நாங்கள் சுகம், உங்கள் சுகத்தை விசாரிக்கலாமென்றால் மூன்று நாளாய் நீங்கள் போன் எடுக்கவில்லை, ஆகவே நன்றாகவே இருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அக்காவுக்கு என் அன்பு.

நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன். வில்லியே லே பெல்லிலிருந்து மாப்பிள்ளை டேமியனும் தாய் மரி-கிளேரும் வருகிறார்களே, மீன்கடைக்காரன் வீட்டில் கோழி கொடுத்தால் மரியாதையா என்று, மூன்று கிலோவில் ஒரு செபாஸ்த் எடுத்து வைத்தேன், சிவப்பென்றால் கூறைச்சேலைச் சிவப்பு. அந்த அம்மா வந்த கையோடு குசினிக்குள் எட்டிப் பார்த்து, "கண் பிதுங்கிக் கிடக்குது, பழசோ?" என்றார். மீன் ஆராய்ச்சியே வேலையாய்க் கொண்ட மகள் சும்மா இருப்பாளா? "பழசில்லை அன்ரி, ஆழத்திலையிருந்து இழுக்கேக்கை காத்துப்பை ஊதிக் கண்ணைத் தள்ளும்." உடனே டேமியன் நல்ல பெயர் எடுக்கவென்று, "நான் வெட்டுறன் அங்கிள்" என்று கத்தியை வாங்கினார், முதுகு முள் விரலில் ஏறியது, அதில் கொஞ்சம் விஷமும் உண்டு, வெண்டிக்காய் விரல் வாழைக்காய் ஆனது. பெரிய வியாழனில் கால் கழுவுவதுபோல மாப்பிள்ளையின் கையைச் சுடுதண்ணீர்ச் சட்டிக்குள் விட்டு நடு ஹோலில் இருத்தினோம்.

மிச்சத்தை நான் வெட்டினேன். வயிற்றைத் திறந்தால் ஆயிரக்கணக்கில் ஊசிமுனைக் குஞ்சுகள், எல்லாவற்றுக்கும் கண், எல்லாம் என்னையே பார்க்கின்றன. என் மனைவி இம்மாகுலேற் சிலுவை போட்டாள். ஜெனிற்றா விளக்கினாள்: "இது முட்டை இடாது, குஞ்சாத்தான் போடும். ஆணோடை சேருறது இலை கொட்டுற காலத்திலை. வாங்கினதை மாதக்கணக்கா உள்ளுக்கை பத்திரமா வைச்சிருந்து தனக்கு வசதிப்படேக்கைதான் பாவிக்கும். ஒரு ஆணின்ரை மட்டும் எண்டும் இல்லை." மரி-கிளேர் குடித்த தோடம்பழச்சாறு மூக்கால் வந்தது. எனக்கோ அந்த மீனில் மரியாதை பிறந்தது. சரக்கை இறக்கி வைத்து நேரம் பார்த்து எடுக்கிற புத்தி நம் கடைத்தெருவில் எத்தனை பேருக்கு உண்டு?

அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு நேரே விசயத்துக்கு வந்தார். "பிள்ளைக்கு முப்பத்தினாலு, கொஞ்சம் கூடத்தான். ரூ காய் தெருவிலை இருக்கிற உங்கடை மீன்கடையை டேமியன்ரை பேரிலை எழுதினா நாங்கள் வயதைப் பாக்கமாட்டம்." குறை சொல்லி விலை பேசுகிற வித்தை எனக்குப் புதிதா, அத்தான்? நான் வாய் திறக்க முன்னமே மகள் தொடங்கிவிட்டாள். "அன்ரி, இந்தச் சாதி மீன் குமராகவே பத்து வருசம் செல்லும். கிழவியாகியும் பெறும். வயது போன தாயின்ரை குஞ்சுக்குத்தான் கட்டுச்சோறு மாதிரி உள்ளுக்கை இருக்கிற எண்ணெய்ச் சொட்டுப் பெரிசு, பட்டினி கிடந்தாலும் தப்பும். எவ்வளவு பெரிய கூட்டமாத் திரியுதுகள், ஒண்டும் மற்றதின்ரை வயதைக் கேக்கிறேல்லை."

அம்மா எழும்பிவிட்டார். டேமியன் துவாய் சுற்றிய கையோடு பின்னால் போனார், வாசலில் நின்று ஜெனிற்றாவைத் திரும்பிப் பார்த்தபடி. அவளுக்கும் பெடியனைப் பிடித்துத்தான் இருந்ததாம். எனக்கு வயிற்றெரிச்சல் அதுதான். ஆனால் பெட்டி சுமந்து சேர்த்த கடையை வயதுக்கு அபராதமாய்க் கட்டமாட்டேன். இனி அந்த வீட்டுப் பேச்சை எடுக்காதேயுங்கள், வேறு சம்பந்தமும் தேடாதேயுங்கள்.

மடு மாதா உங்களையும் அக்காவையும் உங்கள் போனையும் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
மைத்துனன் நீக்கிலாஸ்

பி.கு.: கடிதத்தை ஒட்டமுன் மரி-கிளேர் தனியாகக் கடைக்கு வந்தார். "டேமியனைப் பெறேக்கை எனக்கு நாப்பத்தொண்டு, தம்பி. கிழவிக்குப் பிள்ளையோ எண்டு மாமி ஆஸ்பத்திரிக்கும் வரேல்லை. அந்த எண்ணெய்க் கதையை மகள் எனக்கு இன்னொருக்காச் சொல்லவேணும்" என்றார். கண் கலங்கியிருந்தது. கலங்கிய கண்ணோடேயே அரை மணித்தியாலம் பேரம் பேசினார். மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடுங்கள். கலியாணம் செப்டம்பரில். கடை என் பேரிலேயே. சீதனம் ஒரு சதமும் இல்லை. மண்டபம் பாதி பாதி. விருந்துக்கு மீன், நான் வாங்கிய விலைக்கு.