மடி இல்லாத தாய்மாமன்

எனக்கு மடி கிடையாது. நாற்பத்திரண்டு வயதில்தான் இதைக் கண்டுபிடித்தேன். உட்கார்ந்தால் மற்றவர்களுக்கு இடுப்புக்கும் முழங்காலுக்கும் நடுவில் ஓர் இடம் உண்டாகும் இல்லையா, அந்த இடத்தில் என் வயிறு பட்டா வாங்கிக் குடியேறிவிட்டது. பழனிசெட்டிபட்டியில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறேன். காலையில் ஸ்டூலில் உட்கார்ந்தால் சாயங்காலம்வரை எரிந்த மோட்டாருக்குக் கம்பிக் காயில் சுற்றுவதும் நடுநடுவே வடை தின்பதும்தான் வேலை. (சில நாள் நடுநடுவேதான் காயில் சுற்றுவேன்.)

மடி இல்லாவிட்டால் என்ன குடிமுழுகிவிடும் என்று கேட்கலாம். தாய்மாமனுக்கு முழுகும். எங்கள் பக்கம் காதுகுத்து என்றால் பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். சித்தப்பா மகள் வீட்டுக் காதுகுத்தில் என்னை உட்கார வைத்தார்கள். பிள்ளை இரண்டு தடவை வழுக்கிக் கீழே போனது. மூன்றாவது தடவை ஊசியோடு குனிந்த ஆசாரி நிமிர்ந்து, "வேற மடி இருக்காங்கய்யா?" என்று சபையைப் பார்த்துக் கேட்டார். அந்த வீடியோவை இன்னும் யாரும் அழிக்கவில்லை.

அதோடு விட்டிருப்பேன். அடுத்து வந்தது கூடப்பிறந்த அக்கா பிள்ளையின் காதுகுத்து. அக்காவும் நானும் பேசி ஆறு வருசம் ஆகியிருந்தது.

எங்கள் அப்பா சாவதற்கு முன்னால் நாலு தடவை செத்தார். நாலு தடவையும் "அப்பாவுக்கு முடியல, உடனே வா" என்று அக்கா போன் போட்டாள். நாலு தடவையும் நான் அப்போது வேலை பார்த்த திருப்பூரில் போட்டது போட்டபடி ஓடி வந்தேன். நாலு தடவையும் அவர் எழுந்து உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். ஐந்தாவது போனுக்கு, "கிளம்பிட்டேன்க்கா" என்று பொய் சொல்லிவிட்டு, கையில் இருந்த வேலையை முடித்து மத்தியானப் பஸ்ஸில் ஏறினேன். எனக்காகப் பொழுது சாய்கிறவரை வைத்துப் பார்த்துவிட்டு, நான் போய்ச் சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள். மகன் வைக்க வேண்டிய கொள்ளியைப் பங்காளி வைத்தார். அப்பா கடைசியாக இருந்த ஜெயமங்கலத்து அக்கா வீட்டு வாசலில் அவள் என்னிடம் சொன்னது ஒன்றுதான்.

"செத்தாத்தான் வருவேன்னு இருந்த. செத்தும் வரலையேலே."

அதற்குப் பிறகு பேச்சு இல்லை. கல்யாணமாகிப் பதினோரு வருசம் கழித்து அவளுக்கு ஒரு பையன் பிறந்தான். அதையும் அடுத்தவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அவனுக்கு மூன்று வயதானபோது மச்சான் (அக்காவின் வீட்டுக்காரர்) வெற்றிலை பாக்கோடு கடைக்கு வந்தார்.

"ஒங்கக்காதான் அனுப்புனா மாப்ள. போன்லாம் பேச மாட்டாளாம். பிள்ளைக்கு மாமன் மடி வேணுமாம், அத மட்டும் கொண்டாரச் சொன்னா."

இல்லாத ஒன்றைக் கொண்டுவரச் சொல்லிவிட்டாள். அன்றைக்கு வடை இறங்கவில்லை.

காதுகுத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது பக்கத்துக் கடைப் பாண்டிதான் வழி சொன்னான். குமுளியில் ஒரு ஸ்பா இருக்கிறது, 'பாடி ராப்' என்று உடம்பைச் சுற்றுவார்கள், ஒரு மணி நேரத்தில் இடுப்பு இரண்டு இஞ்ச் குறையும் என்றான். இரண்டு இஞ்சில் ஒரு மூன்று வயதுப் பிள்ளை உட்காரும் என்று நான் கணக்குப் போட்டேன். காதுகுத்துக்கு முந்தின நாள் காலையில், "கூடலூர்ல ஒரு மோட்டார் வேல" என்று சம்சாரத்திடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அதற்கும் முந்தின நாள் மத்தியானத்திலிருந்தே பச்சைத்தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை. பட்டினி கிடந்தால் இன்னும் அரை இஞ்ச் குறையும் என்பது என் சொந்தக் கண்டுபிடிப்பு.

ஸ்பாவில் ஷாஜி என்று ஒரு மலையாளத்துக்காரர், என் வயசுதான் இருக்கும். பொறுமையாக விளக்கினார். முதலில் உப்பும் எண்ணெயும் போட்டு உடம்பைத் தேய்ப்பார்கள். பிறகு சரக்கைப் பூசி, மேலே சுற்றி, கம்பளி போர்த்தி முக்கால் மணி நேரம் படுக்கப் போடுவார்கள். சூட்டில் வேர்க்கும், தோல் ஊறி மெதுவாகும். தத்துவம் இவ்வளவுதான், பூசுகிற சரக்கில்தான் ரகம் என்றார். களிமண் இருந்தது, அது எண்ணெய் வடிகிற தோலுக்கு. (எங்கள் கண்மாயில் இல்லாத களிமண்ணா என்று நினைத்தேன்.) கடல்பாசி ஒன்று, ராமேஸ்வரத்து வாடை அடித்தது. காப்பிப்பொடிச் சுற்றும் உண்டு, அதற்கு வருகிறவர்கள் தொடையில் இருக்கும் மேடுபள்ளம் சரியாக வேண்டும் என்று வருவார்களாம். தேங்காய்ப்பால், தேன், சாக்லேட் எல்லாம் புதுசாகக் கல்யாணமான ஜோடிகள் கேட்பது. அந்தப் பக்கமே நான் திரும்பவில்லை.

"இஞ்ச் குறையணும்னா துணிச் சுற்றுதான் சாரே. கஷாயத்துல முக்கின துணிய இறுக்கிச் சுத்தி, மேல வாழையிலை. ஆனா ஒண்ணு சொல்றேன், கொழுப்பு ஒண்ணும் போகாது. போறது வேர்வைதான். ரெண்டு கிளாஸ் வெள்ளம் குடிச்சா திரும்பி வரும்."

"நாளைக்கு மத்தியானம் வரைக்கும் தாங்குமா?"

அவர் ஒரு நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டார். பிரஷர், சுகர் உண்டா, சாப்பிட்டீர்களா என்று கேட்டார். பிரஷர் இல்லை என்றேன், ரெண்டு இட்லி சாப்பிட்டேன் என்றேன். மாத்திரை டப்பா சட்டைப்பையில் இருந்தது. இட்லி எங்கேயும் இல்லை.

சுற்ற ஆரம்பித்தார். நான் காயிலுக்குக் காப்பர் கம்பி சுற்றுகிற அதே நேர்த்தி. கழுத்துவரை வெள்ளைத் துணி, நெஞ்சிலிருந்து முழங்கால்வரை வாழையிலை. துணியின் கடைசி முனை அவிழாமல் இருக்க இரண்டு கால் கட்டைவிரலையும் சேர்த்து ஒரு முடிச்சு. நெற்றியில் சந்தனப் பத்து, கண்ணில் பன்னீர்ப் பஞ்சு. "தாடைக்குக் கீழயும் கொஞ்சம் தொங்குது, அதையும் சேத்துக் கெட்டட்டா?" என்று கேட்டார். கட்டுங்கள் என்றேன். தாடையைச் சேர்த்து உச்சந்தலையில் ஒரு கட்டு விழுந்தது. எங்கள் ஊரில் அந்தக் கட்டை எப்போது போடுவார்கள் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அன்றைக்குத்தான் புத்தி பீஸ் போய்க் கிடந்தது.

"என் போன்ல ஒரு போட்டோ எடுங்க. வாட்ஸ்அப்ல ஆக மேல இருக்கறது பாண்டி, அவனுக்கு அனுப்பிருங்க" என்று பல்லைக் கடித்தபடி சொன்னேன். போனை நான் கீழே வைத்தபோது மேலே இருந்தது பாண்டிதான். அவர் எடுப்பதற்குள் எங்கள் சொந்தக்காரர்கள் குரூப்பில் யாரோ பந்தல் போட்ட படத்தை அனுப்ப, அது மேலே ஏறிவிட்டது. ஷாஜி பாவம், சொன்னதைச் செய்தார். செய்துவிட்டுப் போனை சைலண்டில் போட்டு லாக்கரில் வைத்துப் பூட்டினார். நான் கண்ணை மூடினேன். அது தூக்கம் என்று நான் சொல்கிறேன், மயக்கம் என்று ஷாஜி சொல்கிறார்.

குரூப்பில் நடந்ததைப் பிறகு வரிசையாகப் படித்தேன். கெங்குவார்பட்டிச் சித்தப்பா ஒருவர், காலை வணக்கத்துக்கும் கரண்ட் கட்டுக்கும் ஒரே மாதிரி கும்பிடுகிற கை போடுகிறவர், என் படத்துக்கும் கும்பிட்டிருந்தார். கும்பிட்டதைப் பார்த்த அடுத்தவர் "எப்ப?" என்று கேட்டிருந்தார். அதற்கடுத்தவர் "ஆழ்ந்த இரங்கல்". அதற்கப்புறம் முப்பத்தெட்டு இரங்கல். ஒருத்தர் "நல்ல மனுசன், நாலு நாள் முன்னாடிதான் எங்க மோட்டாரைச் சுத்திக் குடுத்தாக" என்று எழுதியிருந்தார். (அந்த மோட்டார் மறுநாளே புகைந்தது என்று திட்டிவிட்டுப் போனவரும் அவர்தான்.)

தேனியில் பிளக்ஸ் கடை வைத்திருக்கும் பங்காளி, காதுகுத்துக்காக 'தாய்மாமன் வருக வருக' என்று கூலிங் கிளாஸோடு என் படத்தைப் போட்டுத் தயாராக வைத்திருந்தான். வருக வருகவை எடுத்துவிட்டுக் 'கண்ணீர் அஞ்சலி' போட அவனுக்குக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. கூலிங் கிளாஸை மட்டும் எடுக்கவில்லை.

நான் எழுந்து, குளித்து, டேப்பைச் சுற்றிப் பார்த்தேன். ஒன்றரை இஞ்ச் குறைந்திருந்தது. பெருமையாகப் போனை எடுத்தால் நூற்றுப்பதினேழு மிஸ்டு கால். எனக்கே எனக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி. அதற்குக் கீழே அக்காவிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ். ஆறு வருசம் கழித்து அவள் குரல்.

"ஏலே... அப்பாவுக்குத்தான் லேட்டா வந்த. இதுக்கு மட்டும் என்னலே அவசரம்? வாசல்ல வச்சு அப்படிப் பேசிட்டேன். பேசிருக்கக் கூடாது. ஒன்னக் கூப்புட்டு ஒரு வாய் சோறு போட்டுச் சொல்லுவோம்னுதான இந்தக் காதுகுத்தே வச்சேன். எம் பிள்ளை இப்ப யாரு மடில உக்காருவான்?"

ஷாஜியின் ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன். இரண்டு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார், குடித்தேன். ஒன்றரை இஞ்ச் போனால் போகட்டும். பிறகு அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, நாந்தான்."

அந்தப் பக்கம் நிறையப் பேர் அழுகிற சத்தம் கேட்டது. அக்கா அவர்களை அதட்டி அடக்கிவிட்டுக் கேட்டாள்.

"எங்கன இருக்க?"

"குமுளியில."

"அங்கன என்ன பண்ற?"

"ஒடம்புக்கு... எல சுத்திக்கிட்டேன்க்கா. மடி வேணும்ல."

போனை வைத்துவிட்டாள். நான் உயிரோடு இருக்கிறேன் என்று குரூப்பில் எழுதினேன். கெங்குவார்பட்டிச் சித்தப்பா கும்பிட்டார்.

மறுநாள் காதுகுத்து நடக்கவில்லை. பந்தலுக்குள் ஒப்பாரி விழுந்த பிறகு அதே பந்தலில் மேளம் அடிக்கக் கூடாது என்று மச்சான் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். கட்டின வாழைமரத்தை அவிழ்த்து, வந்திருந்த சமையல்காரர்களைத் திருப்பி அனுப்பினார்கள். ஒரு மாசம் கழித்து வைத்தபோது என் இடுப்பு பழைய அளவுக்கு மேலேயே இருந்தது. வயிற்றை எக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். பையன் என் மடியில் உட்காரவில்லை. என்னைப் பார்த்துத் திரும்பி, வயிற்றின் மேல் படுத்துக் கன்னத்தை வைத்துக்கொண்டான். இடது காதுக்கு அழுதான். வலது காது குத்துவதற்குள் தூங்கிவிட்டான்.

"மாப்ள, இது நெச ஆளுதானான்னு கேக்குறாக," என்று மச்சான் சபையில் சத்தமாகச் சொன்னார். "எலையப் பிரிச்சுப் பாத்துட்டுத்தான் கூட்டியாந்தேன்." அக்கா சிரித்தாள். சிரித்துக்கொண்டே எனக்கு இரண்டாம் தடவை சோறு வைத்தாள்.

அன்றிலிருந்து எங்கள் வம்சத்தில் யார் செத்தாலும், போனில் முதல் கேள்வி, "எலையப் பிரிச்சுப் பாத்தீகளா?" என்பதுதான். தொண்ணூறு வயதுக் கிழவிகளின் சாவில்கூட இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். அதிகமாகச் சொன்னது அக்காதான். என் கண்ணீர் அஞ்சலி பிளக்ஸைக் கேட்டு வாங்கி, அதன் மேல்தான் வருசா வருசம் வத்தல் காயப்போட்டாள்.

போன வருசம் ஆவணியில் ஒரு காலை, கடை ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தபோது மச்சான் போன் போட்டார். அக்கா இரவில் தலை வலிக்கிறது என்றாளாம், படுத்தவள் எழுந்திருக்கவில்லை என்றார். வாய் தானாகத்தான் கேட்டது.

"எலையப் பிரிச்சுப் பாத்தீகளா மச்சான்?"

அவர் கோபப்படவில்லை.

"பாத்துட்டேன் மாப்ள," என்றார். "நீ கிளம்பு."

ஷட்டரை அப்படியே பாதியில் விட்டுவிட்டு ஓடினேன். அக்கா அன்றைக்கு அப்படிப் பேசின அந்த ஜெயமங்கலத்து வாசலுக்கு முதல் ஆளாகப் போய்ச் சேர்ந்தது நான்தான்.