இடது காலிடம் கூடுதல் பாசம்

"இயந்திரம் வலது காலைக் கடமைக்குப் பிசைகிறது. இடது காலைத்தான் பாசத்தோடு பிசைகிறது. இது என்ன நியாயம்?"

கைப்பேசியில் வந்திருந்த புகாரை மியோங்-ஓக் சத்தமாகப் படித்துக் காட்டினாள். சோபாவில் கிடந்த அவள் கணவர் க்வாக் தல்-சூ, ஓய்வு பெற்ற நான்கு மாதத்தில் முதல் முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"யாரு எழுதினது?"

"நேத்து நம்மகிட்ட பாதம் பிசையுற மெஷின் வாங்கினாங்களே, அந்தம்மா. 'மழைநாள் நத்தை'ன்னு பேரு போட்டிருக்கு."

அக்கம்பக்கத்தார் பழைய சாமான்களைக் கைமாற்றிக்கொள்ளும் செயலி அது. அதில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. மியோங்-ஓக்கே அங்கே 'தூங்காத முள்ளங்கி'. பேரம் பேசுவது மனைவிமார்; சாமானைச் சுமந்துகொண்டு ரயில் நிலைய வாசலில் போய் நிற்பது கணவன்மார். புச்சோன் நகரம் முழுக்க இதுதான் ஏற்பாடு. நேற்று தல்-சூவும் பதினோரு கிலோ பெட்டியைத் தூக்கிக்கொண்டு மூன்றாம் எண் வாசலுக்குப் போய், முகக்கவசம் போட்ட ஓர் ஆளிடம் தள்ளிவிட்டு, ஒரு கும்பிடு போட்டுத் திரும்பினார். அப்படியொரு இயந்திரம் தன் வீட்டில் இருந்ததே அவருக்கு நேற்றுதான் தெரியும். அதில் ஆச்சரியமில்லை. இருபத்தெட்டு வருடமாக அந்த வீட்டில் அவருக்கு நன்றாகத் தெரிந்தது தலையணை மட்டும்தான்.

"எங்கிட்ட விடு," என்றார்.

"உங்ககிட்டயா?" மியோங்-ஓக் சந்தேகத்தோடு பார்த்தாள்.

அந்தப் பார்வைக்குக் காரணம் இருந்தது. ஓய்வு பெற்ற முதல் வாரமே அவளுடைய கிம்ச்சி ஊறுகாய் டப்பாக்களைத் தேதிவாரியாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டினார். மூன்று வேளையும் வீட்டிலேயே சாப்பிட்டு, மூன்று வேளையும் சூப்பைப் பற்றி அறிக்கை வாசித்தார். கம்பளிச் சட்டையைத் துவைக்கிறேன் என்று பொம்மைக்குப் போடும் அளவுக்குச் சுருக்கினார். "இனிமே இந்த வீட்ல எதுலயும் கை வைக்காதீங்க" என்று போன வாரம்தான் உத்தரவு ஆகியிருந்தது.

"நான் யாருன்னு மறந்துட்டியா? குளிர்சாதனப் பெட்டிக் கம்பெனியில புகார்த் துறைத்தலைவர்! ஃப்ரிஜ்ஜுக்குள்ள பேய் இருக்குன்னு வந்த கேஸையே, பேய்க்கு உத்தரவாதக் காலம் முடிஞ்சிருச்சுன்னு சொல்லி அனுப்பினவன் நான்."

"சரி, பாருங்க. ஆனா ஒண்ணு. வாங்குறவங்க எனக்குப் போடுற மரியாதை மதிப்பெண் நூத்துக்குத் தொண்ணூத்தொம்பது. அது குறைஞ்சா நான் இந்த ஏரியாவுல தலைகாட்ட முடியாது."

தல்-சூ பழைய ஆபீஸ் கழுத்துப்பட்டையை எடுத்துக் கட்டிக்கொண்டு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தார். இதில் ஜெயித்தால் வீட்டில் மறுபடி ஓர் ஆள். தோற்றால், சோபாவுக்கு உறையாகக் கிடக்க வேண்டியதுதான்.

துறையின் முதல் விதி: வாடிக்கையாளரை மன்னிப்பில் மூழ்கடி. ஆறு பத்தி எழுதினார். நான்காவது பத்தியில் பருவநிலையையும் விசாரித்தார்.

பதில் உடனே வந்தது. "உங்கள் மன்னிப்பைப் படித்ததில் இப்போது கண்ணும் வலிக்கிறது. நாளை பன்னிரண்டு மணிக்கு மூன்றாம் எண் வாசலில் வந்து இயந்திரத்தைப் பரிசோதிக்கவும்."

"ஒண்ணா இருந்த புகாரை ரெண்டாக்கிட்டீங்க," என்றாள் மியோங்-ஓக்.

மறுநாள் வாசலில் அதே பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அதே ஆள் நின்றார்.

"நீங்கதான் நத்தையா?"

"நத்தையோட வீட்டுக்காரன். நீங்க முள்ளங்கியா?"

"முள்ளங்கியோட வீட்டுக்காரன். இது என்ன கோளாறு பண்ணுது?"

"எனக்கு எதுவும் தெரியாதுங்க. கொண்டுபோன்னா, கொண்டுவந்தேன். பேரு தாக் பியோங்-ஹோ. பள்ளிக்கூடத்துல துணைத் தலைமையாசிரியரா இருந்து ஓய்வு."

வாசலை ஒட்டி மீன் வடிவ ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த அம்மாவிடம் மின்சாரம் கடன் கேட்டு, இரண்டு பேரும் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து ஆளுக்கொரு காலைப் பெட்டிக்குள் விட்டார்கள். அப்புறம் காலை மாற்றிக்கொண்டார்கள். சாலையில் போனவர்கள் பார்த்துக்கொண்டே போனார்கள்.

"ரெண்டு காலையும் ஒரே மாதிரிதானே பிசையுது?" என்றார் தல்-சூ.

"எனக்கும் அப்படித்தான் தோணுது. ஆமா, நீங்க பொறந்தது எந்த மிருகத்தோட வருஷம்?"

"குதிரை வருஷம்."

"நான் பாம்பு." தாக்கின் முகம் மலர்ந்தது. "அப்ப நான் அண்ணன்!"

தல்-சூ காலைப் பெட்டியிலிருந்து உருவிக்கொண்டார். வாடிக்கையாளரோடு வாதாடலாம். ஒரு வருடம் மூத்த அண்ணனோடு எப்படி வாதாடுவது? துறை விதிகளில் அதற்கு இடமே இல்லை.

"வா தம்பி, கைநூடுல்ஸ் சாப்பிடலாம். காசு நான் குடுக்குறேன். அண்ணன் இருக்கும்போது நீ பையில கை விடலாமா?"

சாப்பிட்டார்கள். இளவயதில் கட்டாய ராணுவச் சேவையில் யார் அதிகம் உதை வாங்கியது என்று இரண்டு மணி நேரம் ஆராய்ந்தார்கள். குறை ஏதுமில்லை என்று ஒருமனதாகத் தீர்மானித்து, அண்ணன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்.

அடுத்த நாள் காலை பதினொன்றரைக்குச் செய்தி. "பரிசோதனைக்கு நன்றி. இப்போது வலது கால்தான் செல்லப்பிள்ளை. இடது கால் அழுகிறது."

தல்-சூ இரண்டாவது ஆயுதத்தை எடுத்தார். முழுத் தொகையையும் திருப்பித் தருவதாக எழுதினார்.

"நான் காசுக்கு அலைபவளா? மனம் புண்பட்டது. பன்னிரண்டு மணிக்குப் பெட்டி வாசலுக்கு வரும்."

"தொண்ணூத்தி மூணு," என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது. "ஒரே வரியில ஆறு மார்க்கு போச்சு. அந்தக் கம்பெனி உங்களை எப்படித்தான் இருபத்தெட்டு வருஷம் வச்சிருந்தாங்களோ!"

"நானே பிரிச்சு சரி பண்றேன்!"

"வெளிய போய்ப் பிரிங்க. என் மேஜை மேல இல்ல."

அன்று பன்னிரண்டு மணிக்கு மூன்றாம் எண் வாசலிலேயே அறுவை சிகிச்சை நடந்தது. தாக் திருகாணிகளை வாங்கி ரொட்டிக்கார அம்மா கொடுத்த காகிதக் கோப்பையில் போட்டார். உள்ளே தல்-சூவுக்குப் புரிந்த ஒரே பொருள் தூசிதான். அதைத் துடைத்தார். நம்பிக்கையோடு மூடினார். கோப்பையில் ஒரு திருகாணி மிச்சம் இருந்தது.

"இது எதுக்குத் தம்பி?"

"கம்பெனிக்காரங்க எப்பவும் ஒண்ணு உபரியா போடுவாங்க அண்ணே. காலை விடுங்க."

தாக் இடது காலை விட்டார். இயந்திரம் பிசைந்தது. இறுக்கியது. இறுக்கியபடியே நின்றுவிட்டது.

"தம்பி, இது பாசம் இல்ல. கைது!"

பிளக்கைப் பிடுங்கினார்கள், விடவில்லை. தல்-சூ பெட்டியைப் பிடித்து இழுக்க, அண்ணனும் ஸ்டூலோடு கூடவே வந்தார். கூட்டம் கூடியது. யாரோ படம் பிடித்தார்கள். ரொட்டிக்கார அம்மா அச்சுக்குத் தடவும் எண்ணெயைக் கொண்டுவந்து ஊற்றியதும் கால் சளக்கென்று வெளியே வந்தது. காலுறை வரவில்லை.

"எண்ணெய்க் காசு வேணாம்," என்றாள் அவள். "வியாபாரம் நல்லா ஆச்சு."

ஒற்றைக் காலுறையோடு அண்ணன் நொண்டிக்கொண்டு போவதைத் தல்-சூ தெருமுனைவரை பார்த்துக்கொண்டே நின்றார். சாயங்காலம் மதிப்பெண் எண்பத்தொன்று. மியோங்-ஓக்கே சூப்பை ருசி பார்த்து, "உப்புக் கம்மிதான்" என்று அவளே சொல்லிக்கொண்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு.

கழுத்துப்பட்டையை அவிழ்த்துவிட்டு, விதி எதையும் நினைக்காமல் எழுதினார்.

"அம்மா, எனக்கு ஒரு புகாரையும் தீர்க்கத் தெரியாது. எதிரில் இருப்பவர் களைத்துப்போகும்வரை பேசத்தான் தெரியும். இருபத்தெட்டு வருடம் அதற்குத்தான் சம்பளம் வாங்கினேன். உங்கள் வீட்டுக்காரரின் காலில் காயம் என்றால் மருத்துவச் செலவு என்னுடையது. இயந்திரத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். நல்ல மனிதர் அவர். அவரைத் திட்டாதீர்கள்."

தல்-சூ இரண்டு தடவை எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தார். அப்புறம் கைப்பேசி கனைத்தது.

"விற்றவர் நேர்மையானவர். மிகவும் பொறுமைசாலி. இவரோடு மறுபடியும் வியாபாரம் செய்யக் காத்திருக்கிறேன். நாளை பன்னிரண்டு மணிக்குப் பெட்டியைப் பெற்றுக்கொள்ளவும்."

மியோங்-ஓக் எட்டிப் பார்த்தாள். மதிப்பெண் நூறு.

"நூறா! இந்த பில்டிங்லயே யாருக்கும் கிடையாதுங்க!" என்று அவர் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள். கடைசியாகக் கல்யாணமான புதிதில் தட்டியது.

மறுநாள் தல்-சூ நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மூன்றாம் எண் வாசலுக்குப் போனார். அண்ணனின் கால் சௌக்கியம். காலுறைதான் பெட்டிக்குள்ளேயே தங்கிவிட்டது.

"போகட்டும் விடு தம்பி. பெட்டி இல்லன்னா என்ன, நாளைக்குச் சும்மாவே வா. மலையேறப் போவோம். அப்படியே வெளியில சாப்பிட்டுக்கலாம்."

"கண்டிப்பா வரேன் அண்ணே."

தாக் விசிலடித்துக்கொண்டே படியிறங்கிப் போனார். தல்-சூ பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு, வெற்றியை யாரிடமாவது சொல்லாமல் வீடு திரும்ப மனமில்லாமல், ரொட்டிக் கடை முன்னால் நின்றார்.

"பாத்தீங்களாம்மா? ஊரையே ஆட்டிவைக்கிற வாடிக்கையாளர். கடைசியில நூத்துக்கு நூறு! புகார்த் துறைத்தலைவரோட அனுபவம்னா சும்மாவா?"

ரொட்டிக்கார அம்மா அச்சைத் திருப்பிப் போட்டுவிட்டு, ஒரு சூடான மீனைக் காகிதத்தில் சுற்றி அவர் கையில் கொடுத்தாள்.

"ரொம்பச் சந்தோஷம் துறைத்தலைவரே, ஆனா அந்தப் பெட்டிய மட்டும் எங்கயும் தூக்கிப் போட்டுடாதீங்க; போன வருஷம் ரெண்டு வீட்டுக்காரரை மதியச் சாப்பாட்டுக்கு வெளிய கிளப்பினதும் அதுதான், இப்ப உங்க ரெண்டு பேரையும் கிளப்பினதும் அதுதான், அடுத்த மாசம் ரிட்டயர் ஆகப்போற பதினாலாம் மாடிக்காரருக்காக அவரு சம்சாரம் உங்க வீட்டம்மாகிட்ட இப்பவே அதைக் கேட்டுச் சொல்லி வச்சிருக்காங்க."