லாரிக்காரனோடு எங்கள் மாப்பிள்ளை போட்ட போட்டி

மாலை நேரத் தொடரின் மதிப்புக்குரிய இயக்குநர் அவர்களுக்கு,

உங்கள் தொடரை ஒரு நாள் விடாமல் பார்த்துவந்த மாமியார் ஒருத்தி வணக்கம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மகளும் மாப்பிள்ளையும் சுகம். உறவுக்காரர்களுக்கு எழுதும்போதெல்லாம் இந்த வரியைப் பல வருடங்களாகப் பொய்யாகவே எழுதிவந்தேன். இப்போதுதான் கூசாமல் எழுதுகிறேன். நீங்களும் உங்கள் வீட்டாரும், லாரி டிரைவராக நடிக்கும் அந்தப் பிள்ளையும் நன்றாக இருக்க வேண்டும்.

நன்றி சொல்லத்தான் எழுதுகிறேன். ஆனால் நாங்களாக விரும்பி உங்கள் தொடரைப் பார்க்க ஆரம்பித்தோம் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் வீட்டு டிவி ரிமோட்டை மாப்பிள்ளை ஒருநாள் குடித்துவிட்டு வந்து, செல்போன் என்று நினைத்துக் காதில் வைத்துப் பேசினார். எதிர்முனையிலிருந்து பதில் வரவில்லை. "மரியாதை தெரியாதவங்ககிட்ட எனக்கென்ன பேச்சு" என்று அதைச் சுவரில் அடித்தார். அன்றிலிருந்து சத்தத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், சேனலை மட்டும் மாற்ற முடியாது. இத்தனைக்கும் மாப்பிள்ளை ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் பழுதுபார்க்கிற மெக்கானிக். ஊரில் பாதி வீடு அவர் கைபட்டுத்தான் குளிர்கிறது. சொந்த வீட்டு ரிமோட்டைக் கேட்டால், "நாளைக்குப் பாக்கறேன் அத்தை." அந்த நாளை வரவேயில்லை. நான் வீட்டிலேயே திரைச்சீலை தைப்பவள். தையல் மெஷின் சத்தத்துக்கு நடுவே ஏதாவது ஒரு மனிதக் குரல் கேட்டால் போதும் எனக்கு. அப்படித்தான் உங்கள் தொடரின் குடிகார லாரிக்காரன் எங்கள் வீட்டுக்குள் வந்து சேர்ந்தான்.

அவன் வந்த நேரத்தில் வீடு இருந்த இருப்பையும் சொல்ல வேண்டும். மருந்துக்கடையில் வேலைபார்க்கும் என் மகள், இனி இவரோடு இருக்க முடியாது என்று பெட்டியில் துணியை அடுக்கிவிட்டாள். நாங்கள் இருப்பது என் வீடு. புருஷனோடு சண்டை போட்டால் பெண்கள் அம்மா வீட்டுக்குப் போவார்கள், அம்மா வீட்டிலேயே இருப்பவள் எங்கே போவாள்? அந்த ஒரு காரணத்தால்தான் பெட்டி கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது. மாப்பிள்ளை கெட்டவர் இல்லை. குடிக்காத வேளையில் ஈ எறும்புக்கும் வழிவிட்டு நடப்பார். அந்த வேளைதான் நாளுக்கு நாள் குறுகிக்கொண்டே வந்தது.

உங்கள் லாரிக்காரன் பாட்டிலைக் கழிப்பறைத் தண்ணீர்த் தொட்டிக்குள் ஒளித்துவைத்த காட்சி ஞாபகம் இருக்கும். அதைப் பார்த்ததும் நானும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். பேசிவைத்த மாதிரி எழுந்து ஓடினோம். ஸ்டூல் போட்டு ஏறி, தொட்டி மூடியைத் திறந்து, அது கை நழுவி விழுந்து உடைந்து, தண்ணீர் கூடம்வரை ஓடியதுதான் மிச்சம். உள்ளே ஒன்றும் இல்லை. மாப்பிள்ளை ஈரத்தில் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டு டிவியைப் பார்த்துச் சொன்னார்: "அறிவு கெட்டவன்! தொட்டியிலயா வைப்பாங்க? அங்கதானே வீட்டுப் பொம்பளைங்க முதல்ல தேடுவாங்க!" மறுநாள் அவர் வேலைக்குப் போனதும், பழுதாகி மூலையில் நின்ற வாஷிங் மெஷினின் பின்பக்கத் தகட்டைக் கழற்றினோம். உள்ளே துணி துவைக்கும் சாமான் எதுவும் இல்லை, வெறும் கூடு. அந்தக் கூட்டில் என்ன இருந்தது என்று நான் எழுத வேண்டியதில்லை.

அப்புறம் அவர் உங்கள் தொடரைத் திட்டுவதற்காகவே பார்க்க ஆரம்பித்தார். தவறாக எண்ண வேண்டாம், இதைச் சொன்னால் உங்களுக்கும் தொழிலில் உதவும். "குடிச்சவன் இப்படியா தள்ளாடுவான்? குடிச்சவன் தள்ளாடாம நடக்கத்தான் படாத பாடு படுவான். அந்த நேரா நடக்கற நடையிலதான் மாட்டுவான். யாருங்க இவனுக்கு நடிப்பு சொல்லிக் கொடுத்தது?" என்பார். "வீட்டுக்குள்ள வந்ததும் கத்துறான் பாருங்க. நாங்க கத்த மாட்டோம். 'சாப்டியா கண்ணு'ன்னு அநியாயத்துக்கு அன்பா கேப்போம்" என்பார். 'நாங்க' என்று அவர் வாயாலேயே வந்ததைக் கேட்டு மகள் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு என்னவோ அன்றைக்கு மனசு கொஞ்சம் லேசானது.

திட்டுவதற்கும் தெளிவு வேண்டுமே. குடித்துவிட்டு வந்தால் தொடர் ஆரம்பிக்கும் முன்பே தூங்கிவிடுகிறார், மறுநாள் எங்களிடம் கதை கேட்க வேண்டியிருக்கிறது. நான் வேண்டுமென்றே பாதியில் நிறுத்திவிடுவேன். ஆகவே வேலை முடிந்து நேரே வீட்டுக்கு வந்து தொடரைப் பார்த்துவிட்டு, அப்புறம் வெளியே போக ஆரம்பித்தார். உங்கள் லாரிக்காரன் மறுவாழ்வு மையத்தில் சேர்ந்த அன்று மாப்பிள்ளைக்கு ரோஷம் வந்துவிட்டது. "நடக்கவே தெரியாத இவனே நிறுத்தறான். எனக்கு என்ன கேடு? இவனுக்கு முன்னாடி நான் நிறுத்திக் காட்டறேன்" என்று எழுந்து நின்றார். நாங்கள் இருவரும் கைதட்டினோம். மடச்சிகள்.

இயக்குநர் அவர்களே, இந்த ஓர் இடத்தில் உங்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. உங்கள் லாரிக்காரன் எலுமிச்சைச் சாறு குடித்து, ஜன்னல் வழியே மழையைப் பார்த்து, ஒரு பாட்டு முடிவதற்குள் தெளிந்துவிட்டான். எங்களுக்குப் பாட்டு வரவில்லை, சொன்னபடி நிறுத்திய மாப்பிள்ளைக்கு வலிப்புதான் வந்தது. மகள் மருந்துக்கடையில் நாலு விஷயம் கேட்டுப் பழகியவள், அலறிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். டாக்டர் எங்களைத்தான் திட்டினார். "இவ்வளவு குடிச்சவரை யாரைக் கேட்டுத் திடீர்னு நிறுத்தச் சொன்னீங்க? உயிருக்கே ஆபத்து. எங்க மேற்பார்வையிலதான் நிறுத்தணும்" என்றார். யாரைக் கேட்டு என்றால் என்ன சொல்வது? டிவியைக் கேட்டு என்றா?

மகளுக்கு லீவு கிடைக்கவில்லை, பகலெல்லாம் நான்தான் வார்டில் இருந்தேன். மாமியாரும் மருமகனும் அதுவரை "வாங்க", "சாப்பிடுங்க" என்பதைத் தாண்டிப் பேசிக்கொண்டதில்லை. ஒரு மதியம் அவர் படுக்கையில் எழுந்து உட்கார்ந்து போர்வையை உதற ஆரம்பித்தார்.

"எறும்பு அத்தை. பாருங்க, சாரை சாரையா வருது."

வெள்ளை விரிப்பில் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் சொல்ல முடியவில்லை. துண்டை எடுத்து விரிப்பு முழுக்கத் தட்டினேன்.

"போயிடுச்சா மாப்பிள்ளை?"

"அந்த ஓரத்துல ரெண்டு நிக்குது."

அந்த ஓரத்தையும் தட்டினேன். அடுத்த கட்டில்காரர், "அம்மா, இங்கயும் கொஞ்சம் தட்டிவிட்டுப் போங்க" என்றார். அங்கேயும் போய்த் தட்டினேன். நர்ஸ் வந்து ஊசி போட்டு, நான் செய்ததையும் பார்த்துவிட்டு, "உங்களுக்கும் தெரியுதாம்மா?" என்று சந்தேகமாகக் கேட்டாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது எனக்கு.

அங்கிருந்து மறுவாழ்வு மையம், மையத்திலிருந்து வீடு. வீட்டுக்கு வந்தவருக்குக் கை சும்மா இருக்கவில்லை. ஏதாவது ஒரு சாமானைப் பிரித்துப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மிக்சியைப் பிரித்தார், மின்விசிறியைப் பிரித்தார், அழைப்பு மணியைப் பிரித்துச் சேர்த்ததில் அது வீட்டுக்குள் இருக்கும் எங்களுக்குக் கேட்காமல் மாடிவீட்டு வாத்தியாருக்கு மட்டும் கேட்டது. அவர் நாள் முழுக்க ஏறி இறங்கி எங்கள் விருந்தாளிகளை வரவேற்றார். ரிமோட்டும் ஒரு வழியாகச் சரியானது. ஆனால் சேனலை யாரும் மாற்றவில்லை. மையத்தில் மாப்பிள்ளைக்குத் துணையாக ஒருவர் அமைந்தார், பஸ் கண்டக்டர், பல வருடம் முன்பே குடியை விட்டவர். மனசு தடுமாறினால் உடனே அவரைக் கூப்பிட வேண்டும் என்பது ஏற்பாடு. மாப்பிள்ளை ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை. "தேவைப்படல அத்தை" என்பார்.

அப்போதுதான் நீங்கள் அந்த முன்னோட்டத்தைப் போட்டீர்கள். லாரிக்காரன் கையில் மறுபடியும் கிளாஸ்! 'நாளை காணத் தவறாதீர்கள்' என்று வேறு. எனக்கும் மகளுக்கும் சோறு இறங்கவில்லை. போட்டிக்காரன் விழுந்தால் இவரும் விழுவாரே! மறுநாள் தவற வைத்தே தீருவது என்று இறங்கினோம். மகள் டிவி வயரைப் பிடுங்கிப் பரணில் போட்டுவிட்டு வேலைக்குப் போனாள். மாப்பிள்ளை பையிலிருந்து வேறு வயரை எடுத்து மாட்டினார். நான் ஃபியூசைப் பிடுங்கினேன். அதைப் போட்டதோடு நில்லாமல் மாடிவீட்டுக்கும் பார்த்துச் சரிசெய்துவிட்டு வந்தார். மெக்கானிக் இருக்கிற வீட்டில் எதையும் நிம்மதியாகக் கெடுக்க முடியாது. கடைசியில், தொடர் ஆரம்பிக்கிற நேரத்துக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்துவிட்டேன்.

மாப்பிள்ளை பதறிவிட்டார். டாக்சி பிடித்து, கைத்தாங்கலாக ஏற்றி, பக்கத்து கிளினிக்குக்குக் கொண்டுபோனார். உள்ளே நுழைந்தால், நோயாளிகள் உட்காரும் கூடத்தில் இந்தப் பெரிய டிவி! அதில் உங்கள் தொடர்! காய்ச்சல்காரர், கட்டுப் போட்டவர், நர்ஸ், எல்லோரும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் படுக்கவைக்க வந்தவளும் ஒரு கண்ணை டிவியிலேயே வைத்துக்கொண்டு, நெஞ்சுக்குப் பதில் என் முழங்காலை அழுத்தி, "இங்கயாம்மா வலிக்குது?" என்றாள். லாரிக்காரன் கிளாஸைத் தூக்கினான். ஒரே மடக்கு. மாப்பிள்ளை அதைப் பார்த்தார். எழுந்து வெளியே போய்விட்டார்.

நான் கட்டிலிலிருந்து குதித்து ஓடினேன். "அம்மா, ஓடாதீங்க, நெஞ்சுவலி!" என்று நர்ஸ் கத்திக்கொண்டு பின்னாலேயே வந்தாள். தெருவில் அவர் நின்றுகொண்டிருந்தார். எதிர்ப்பக்கம் மதுக்கடை. கையில் செல்போன்.

"மாப்பிள்ளை, அது வெறும் கதைங்க" என்றேன், மூச்சு வாங்க.

"தெரியும் அத்தை. ஆனா அவன் குடிச்சதும் எனக்கு வாயில எச்சில் ஊறிடுச்சு. அதான் எழுந்து வந்தேன்." செல்போனை நீட்டினார். "கண்டக்டர் லைன்ல இருக்காரு. சொல்ல வாய் வரமாட்டேங்குது. நீங்க சொல்லுங்க."

எனக்கு செல்போனில் மெதுவாகப் பேசத் தெரியாது. "ஐயா, நான் மாமியார் பேசறேன். எங்க மாப்பிள்ளைக்கு இப்போ குடிக்கணும் போல இருக்காம்!" என்றேன். தெரு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மதுக்கடை வாசலில் நின்றவர்கூட, "என்னையா கூப்பிட்டீங்க?" என்று கேட்டார். கண்டக்டர், "அங்கயே உக்காருங்க, அசையாதீங்க, வந்துட்டே இருக்கேன்" என்றார். மூடிக்கிடந்த செருப்புக்கடைப் படியில் இருவரும் உட்கார்ந்தோம். மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

கொஞ்சநேரம் கழித்து, "நெஞ்சுவலி எப்படி இருக்கு?" என்றார்.

"போயிடுச்சு."

"வரவே இல்லைன்னு தெரியும். நெஞ்சுவலி வந்தவங்க, டாக்சில ஏறி உக்காந்துகிட்டு, 'கேஸை மூடினீங்களா, பின்கதவைப் பூட்டினீங்களா'ன்னு கேக்க மாட்டாங்க."

"தெரிஞ்சும் ஏன் மாப்பிள்ளை கூட்டிட்டு வந்தீங்க?"

"ஒருவேளை நிஜமா இருந்துட்டா?" என்றார்.

கண்டக்டர் சீருடையோடு வந்து எனக்கு அடுத்த படியில் உட்கார்ந்தார். கண்டக்டர் சொல்லி என் மகளும் ஓடிவந்தாள். வந்தவள் புருஷனுக்கு அந்தப் பக்கம் நெருக்கி உட்கார்ந்தாள். நாலு பேரும் அப்படியே இருந்தோம். அவர் குடிக்கவில்லை. இன்றுவரை குடிக்கவில்லை.

அந்த கிளாஸை நீங்கள் காட்டியிருக்கவில்லை என்றால், "தேவைப்படல" என்று சொல்லிக்கொண்டே அவர் என்றைக்கோ தனியாகப் போய் விழுந்திருப்பார், நாங்கள் பக்கத்தில் இருந்திருக்க மாட்டோம். அதற்குத்தான் இந்த நன்றி. எலுமிச்சைச் சாற்றை மன்னித்துவிட்டேன். உங்கள் தொழில் செழித்து, எழுதுகிறவர் முதல் விளக்குப் பிடிக்கிறவர்வரை எல்லோர் வீட்டிலும் சிரிப்புச் சத்தம் கேட்கட்டும் என்று வயதில் மூத்தவளாக வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நிரந்தர ரசிகை,
மெக்கானிக்கின் மாமியார்

பின்குறிப்பு: 'நிரந்தர ரசிகை' என்று பழக்கதோஷத்தில் எழுதிவிட்டேன். உண்மையில் போன மாதத்திலிருந்து நாங்கள் யாரும் உங்கள் தொடரைப் பார்ப்பதில்லை. மையத்தில் குடியை விட்டவர்கள் கூடிப் பேசும் கூட்டத்தைச் சரியாக அந்த நேரத்துக்கு மாற்றிவிட்டார்கள். அவர் ஒரு அறையில் உட்காருகிறார், குடும்பத்தாருக்கான பக்கத்து அறையில் நானும் மகளும் உட்காருகிறோம். கதை எப்படிப் போகிறது என்று தயவுசெய்து பதில் எழுதிவிடாதீர்கள். லாரிக்காரன் திருந்திவிட்டான் என்றால் இவருக்கு அலட்சியம் வந்துவிடும், திருந்தவில்லை என்றால் எங்களுக்குப் பயம் வந்துவிடும். அந்தப் பிள்ளையை மட்டும் நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள். தடுமாற்றம் வந்தால் யாரையாவது கூப்பிடச் சொல்லுங்கள்.